தரையில் படுக்கும் காவல்காரருக்காக ஒரு மடல்

சென்னையிலும் மலேசியாவிலும் இருந்துகொண்டு செட்டிநாட்டில் வீட்டைப் பூட்டி வைத்திருக்கும் ஆச்சிமார்களுக்கும் அண்ணன்மார்களுக்கும்,

வணக்கம். காரைக்குடிப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் எழுதுகிறேன். முன்னோர் படைப்புக்கும் சாந்திக் கல்யாணத்துக்கும் நீங்கள் வந்து திறக்கிற வீட்டை மற்ற நாளெல்லாம் பார்த்துக்கொள்பவர் ராத்திரி எங்கே படுக்கிறார் தெரியுமா? கோடை வெக்கைக்கு ஆத்தங்குடிக் கல் பதித்த தரைதான் சில்லென்று இருக்கும். வளவில், அதாவது நடு முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், ஒரு பாயை விரித்துக்கொள்கிறார். கட்டுவிரியன் பாம்பு இரை தேடி வருவதும் ராத்திரியில்தான்.

ஒரு வைகாசி விடியற்காலையில் அப்படி ஒருவரைக் கூட்டி வந்தார்கள். "வயிறு வலிக்குதும்மா" என்றார். கடிவாய் எதுவும் தெரியவில்லை. கட்டுவிரியனுக்குப் பல் சிறியது. கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரும்பாலும் இருக்காது. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து வீட்டில் ஓமத்தண்ணீர் குடித்தே இரண்டு மணி நேரம் போயிருக்கிறது. எங்களிடம் வந்தபோது இமை ஏறவில்லை. விரலால் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மனைவியின் முகத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் குரலும் போய்விட்டது. வென்டிலேட்டர் வைத்தோம்.

அந்த இரண்டு மணி நேரம் ஏன் அவ்வளவு முக்கியம் என்று சொல்கிறேன். நரம்பு முனைக்கு உறை மாதிரி மெல்லிய கொழுப்புச் சவ்வு ஒன்று இருக்கிறது. கட்டுவிரியன் விஷத்தில் உள்ள பாஸ்போலிபேஸ் என்ற நொதி அந்தச் சவ்வின் கொழுப்பையே வெட்டுகிறது. சவ்வு சிதைந்ததும் கால்சியம் உள்ளே பாய்கிறது. தசைக்குச் சேதி கொண்டுபோகும் சின்னப் பைகள் தீர்ந்து, நரம்பு முனையே அழிந்துபோகிறது. விஷமுறிவு மருந்து ரத்தத்தில் திரியும் விஷத்தைத்தான் பிடிக்கும். அறுந்த முனையை ஒட்ட வைக்காது. புது முனை வளர நாள் கணக்கிலிருந்து வாரக் கணக்கு வரை ஆகும். அதுவரை மூச்சை மெஷின்தான் இழுக்க வேண்டும். ஆகவே நரம்பைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அது அறுபடும் முன்பே மருந்து உள்ளே போயாக வேண்டும். அந்த மருந்துக்கான விஷத்தை, சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில், 1978-இல் தொடங்கிய பாம்பு பிடிக்கும் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் உயிரைப் பணயம் வைத்து எடுத்துத் தருகிறார்கள். அவ்வளவு பாடுபட்டு வந்த மருந்து நேரம் தவறிப் போய்ச் சேரலாமா?

2024-இல் தமிழக அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. நல்லது. ஆனால் கடி விழாமல் தடுக்கிற வேலை உங்கள் கையில் இருக்கிறது.

காவல்காரருக்கு ஒரு கட்டிலும் கொசுவலையும் கொடுங்கள். வலையை மெத்தைக்கு அடியில் செருகிவிட்டால் கட்டுவிரியன் உள்ளே வர வழியில்லை. பின்கட்டில் குவிந்து கிடக்கும் உடைந்த ஓடுகளையும் மரச்சாமானையும் அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். ஒரு டார்ச் வாங்கிக் கொடுங்கள். அப்புறம், ராத்திரியில் காரணமில்லாமல் வயிற்று வலி வந்தாலோ இமை கனத்தாலோ உங்களிடம் கேட்டுக்கொண்டிருக்காமல், மந்திரிக்கவும் போகாமல், உடனே 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். காலை இறுக்கிக் கட்டக் கூடாது, கீறவும் கூடாது. அசையாமல் படுக்க வைத்தால் போதும்.

அந்தக் காவல்காரர் பிழைத்துக்கொண்டார். போன மாதம் பார்த்தேன், அதே வளவு, அதே பாய். "உள்வீட்டில் நாலு தேக்குக் கட்டில் கிடக்குதும்மா, சாவி அவுகளிடம் இருக்கு" என்றார்.

அந்தச் சாவியை அனுப்பி வையுங்கள்.