2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

அம்பத்தூரில் சிறுபட்டறை நடத்துவோரின் சங்கமான நம் சங்கத்தின் மாதக் கூட்டங்கள் இந்த ஆண்டும் தவறாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பட்டறை வேலை சொல்லிக்கொடுக்கும் சனிக்கிழமை வகுப்பைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பக்கத்துப் பள்ளியிலிருந்து 9, 10ஆம் வகுப்புப் பிள்ளைகள் 14 பேர் ஜூலை முதல் ஜனவரி வரை வந்தார்கள். முதல் நாள், நுண்ணிய அளவெடுக்கும் கருவியான வெர்னியரைக் கையில் கொடுத்தோம். அதன் மீச்சிற்றளவு, அதாவது அது காட்டும் மிகச் சிறிய அளவு, 0.01 செ.மீ. என்று பாடத்தில் படித்ததைச் சட்டென்று சொன்னார்கள். பட்டறை வெர்னியர் 0.02 மி.மீ. வரை காட்டும் என்றதும் ஒரு மாணவி தன் தலைமுடி ஒன்றை எடுத்து அளந்தாள். 0.06 மி.மீ. வந்தது. அன்று நேரம் முடிந்தும் யாரும் கிளம்பவில்லை.

அப்புறம் அரம். இரும்புப் பட்டையை வைஸ் என்ற பிடிகருவியில் பிடித்து, செங்கோணம் பார்க்கும் மூலமட்டத்தை வைத்தால் இடையில் வெளிச்சம் தெரியாத அளவுக்கு ராவ வேண்டும். இதற்கே நான்கு வாரம் ஆனது. இரும்பைச் சுழற்றிக் கடையும் லேத் மெஷினைத் தொட ஆசைப்பட்டார்கள். 18 வயது ஆகாதவர்களை ஓடும் மெஷினில் நிறுத்துவதில்லை என்பதில் உறுதியாக இருந்தோம். இரண்டாம் வாரம் ஒரு பையன் ரப்பர் செருப்போடு வந்திருந்தான். பட்டை நழுவி அவன் கால் விரலுக்கு அருகில் விழுந்தது. அடி படவில்லை. ஆனாலும் அது நம் தவறுதான். மறுவாரமே சங்க நிதியில் எல்லோருக்கும் ஷூ வாங்கினோம்.

டிசம்பரில் பெற்றோரை அழைத்து, பிள்ளைகளை ஐடிஐ என்னும் தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்ப்பது பற்றிப் பேசினோம். "பத்தாவதோட படிப்பு நின்னு போகுமே" என்பதுதான் எல்லோருடைய பயமும். பத்தாவது முடித்து இரண்டு ஆண்டு ஐடிஐ படித்தவர்கள் தமிழ், ஆங்கிலத் தேர்வு எழுதினால் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான சான்றிதழ் கிடைக்கும், பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம் என்று விளக்கினோம். அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் ஐடிஐ படித்தாலும் உண்டு. பலருக்கு இது புதுச் செய்தி.

ஒரு தகப்பனார் எழுந்து என்னிடம் இரண்டு கேள்வி கேட்டார். "உங்க பையன் என்ன சார் படிக்கிறான்?" கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றேன். "சரி, என் பையன் ஐடிஐல ஃபிட்டர் படிச்சு வந்தா என்ன சம்பளம் கொடுப்பீங்க?" எங்களிடம் ஒரே மாதிரியான பதில் இல்லை. அவர் மகன் அரம் பிடித்த கை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அவன் இப்போது பிளஸ் ஒன்னில் சேர்ந்திருக்கிறான். வகுப்புக்கு வந்தவர்களில் ஐடிஐக்கு விண்ணப்பித்தவர்கள் இருவர்.

இரும்புப் பாகங்களை ராவிப் பொருத்தும் நல்ல ஃபிட்டர் கிடைப்பதில்லை என்று ஒவ்வொரு கூட்டத்திலும் பேசுகிறோம். அந்தத் தகப்பனாரின் இரண்டாவது கேள்விக்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும். ஐடிஐ முடித்து வருபவருக்குக் குறைந்தபட்சத் தொடக்கச் சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும் என்ற தீர்மானத்தை இன்றைய பொதுக்குழு முன் வைக்கிறேன். தொகையை உறுப்பினர்கள் விவாதித்து முடிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன். ஜூலையில் அடுத்த வகுப்பு தொடங்கும்போது அந்தத் தாளைப் பெற்றோர் கையில் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
செயலாளர்