சுவர் ஆடியதற்கும் காரணம் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் பேரப்பிள்ளைகளோடு பழைய கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி நாடகம் ஒன்றைப் பார்த்தேன். கதவைச் சாத்தியதும் அட்டைச் சுவர் ஆடியது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு மனம் பொறுக்கவில்லை. நம் மலேசியாவுக்குத் தொலைக்காட்சி வந்ததே 1963 டிசம்பர் 28-இல்தான். வண்ணம் வந்தது 1978-இல். அன்று எங்குமே ஒளிநாடாவை வெட்டி ஒட்டுவது பெரும்பாடு. ஆகவே மேடையில்போல் ஒரே மூச்சில் நடித்தார்கள். வசனம் தடுமாறினால் தடுமாறியதுதான். நாடாவின் விலை அதிகம் என்பதால் அதன்மேலேயே வேறு நிகழ்ச்சியைப் பதிந்து, எத்தனையோ நாடகங்கள் அழிந்தும் போயின.

இதைக் கேட்ட பேத்தி அதே காட்சியை மறுபடியும் போடச் சொன்னாள். இம்முறை சுவரைப் பார்க்கவில்லை, நடிகையின் கண்களைப் பார்த்தாள்.

பழைய நாடகங்களை மறுஒளிபரப்பு செய்வோர் தொடக்கத்தில் இரண்டு நிமிடமாவது இந்தப் பின்னணியைச் சொல்ல வேண்டும்.

வாசகர்,
செந்தூல், கோலாலம்பூர்