கண்ணைப் பார்த்துப் பேசாதவரையும் வேலைக்கு எடுக்கலாம்

நிறுவனங்களின் மனிதவளத் துறையினருக்கும், நேர்காணல் எடுக்கும் மேலாளர்களுக்கும்,

வணக்கம்.

ஆண்டுதோறும் ஏப்ரல் 2 உலக ஆட்டிச விழிப்புணர்வு நாள். ஆட்டிசம் என்பது மூளை வளர்ச்சியில் உள்ள ஒரு வேறுபாடு; பேசும் விதமும், பழகும் விதமும், ஒலி ஒளியை உணரும் விதமும் மாறுபட்டிருக்கும், கண்ணைப் பார்த்துப் பேசுவது எங்களில் பலருக்குக் கடினம். அன்றைக்கு உங்களில் பலர் அலுவலகத்தில் நீல விளக்குப் போடுகிறீர்கள், ஆட்டிசம் உள்ள குழந்தைகளைப் பற்றி யாரையாவது பேச வைக்கிறீர்கள், குழுவாகப் படம் எடுத்துக்கொள்கிறீர்கள். நல்லது. அந்தக் குழந்தைகள் வளர்வார்கள் என்பது மட்டும் யாருக்கும் நினைவில் இருப்பதாகத் தெரியவில்லை. வளர்ந்து, படித்து, உங்களிடம்தான் வேலை கேட்டு வருகிறார்கள். முதல் சுற்று நேர்காணலோடு அவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறீர்கள்.

நானும் அப்படி வளர்ந்தவன்தான். ஆவணங்களைச் சரிபார்க்கும் பிரிவில் வேலை பார்க்கிறேன். எனக்கு ஆட்டிசம் என்று மருத்துவர் உறுதிசெய்தபோது முப்பது வயதைத் தாண்டியிருந்தேன். அதுவரை திமிர் பிடித்தவன், நாலு பேரோடு பழகத் தெரியாதவன் என்றுதான் பெயர். என் வேலையில் குறை சொன்னவர்கள் குறைவு. "ஆள் ஒரு மாதிரி" என்றவர்கள்தான் அதிகம்.

எத்தனை பேர் வேலைக்கு வெளியே நிற்கிறோம் என்று தெரிந்துகொள்ள ஒரு கணக்கு. பிரிட்டனில் முன்னாள் அமைச்சர் ராபர்ட் பக்லண்ட் தலைமையில் தயாராகி 2024 பிப்ரவரியில் வெளியான அறிக்கை, அந்நாட்டில் வேலை செய்யும் வயதிலுள்ள ஆட்டிச நிலையாளர்களில் பத்துக்கு மூன்று பேர்தான் வேலையில் இருக்கிறார்கள் என்கிறது. எல்லா வகை மாற்றுத்திறனாளிகளையும் சேர்த்துப் பார்த்தால் பத்துக்கு ஐந்து. மற்றவர்களில் பத்துக்கு எட்டு. சட்டமும் உதவித் திட்டங்களும் இருக்கும் நாட்டிலேயே நிலைமை இப்படி.

இதற்கு நீங்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம், எங்களுக்குப் பேச்சுத் திறன் போதாது என்பது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. எங்கள் வேலையைப் பார்ப்பதற்கு முன்பே எங்கள் முகத்தைப் பார்த்து முடிவெடுத்துவிடுகிறீர்கள். நேர்காணல் என்ற ஏற்பாடே அதற்கு வசதியாகத்தான் அமைந்திருக்கிறது.

அமெரிக்க ஆய்வாளர் நோவா சாசனும் அவர் குழுவினரும் 2017-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஆட்டிசம் உள்ளவர்களும் இல்லாதவர்களும் பேசும் சில நொடிப் பதிவுகளை மற்றவர்களிடம் காட்டி, இவரோடு பழகுவீர்களா என்று கேட்டார்கள். படமாகப் பார்த்தவர்களும் சரி, குரலை மட்டும் கேட்டவர்களும் சரி, ஆட்டிசம் உள்ளவர்களுக்குக் குறைவாகவே மதிப்பெண் போட்டார்கள். அதே பேச்சை எழுத்தாக மட்டும் கொடுத்தபோது அந்த வேறுபாடு காணாமல் போய்விட்டது. அதாவது, சொன்ன விஷயத்தில் யாருக்கும் குறை தெரியவில்லை. உங்கள் நேர்காணல் தாளில் 'தன்னம்பிக்கை', 'பழகும் விதம்' என்று கட்டங்கள் இருக்குமே, அவற்றில் நீங்கள் நிரப்புவது பெரும்பாலும் இந்தச் சில நொடிகளின் மதிப்பெண்ணைத்தான். அப்புறம் வெளியே வந்து, "நல்ல ஆளுதான், ஆனா நம்ம டீமுக்கு செட் ஆக மாட்டார்" என்று ஒரு வரி. அத்தோடு முடிந்தது.

கேள்விகளையும் கொஞ்சம் பாருங்கள். "ஒரு நெருக்கடியைச் சமாளித்த அனுபவத்தைச் சொல்லுங்கள்" என்று ஒரு நேர்காணலில் என்னிடம் கேட்டார்கள். எந்த வகை நெருக்கடி? ஆள் பற்றாக்குறையா, கணினி நின்றுபோனதா, சக ஊழியரோடு சண்டையா? ஒரு நிமிடம் பேச வேண்டுமா, பத்து நிமிடமா? என் தலைக்குள் எல்லாம் ஒரே நேரத்தில் திறந்துகொண்டது. "எந்த மாதிரி நெருக்கடி என்று சொல்ல முடியுமா?" என்று திருப்பிக் கேட்டேன். மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வைக்கு எனக்கு அர்த்தம் தெரியும், இத்தனைக்கும் முகபாவனை புரியாதவன் என்று பெயர் எடுத்தவன் நான்.

இதையே "ஒரே நாளில் இரண்டு வேலைகளை முடிக்க வேண்டி வந்தபோது எதை முதலில் எடுத்தீர்கள், ஏன்?" என்று கேட்டிருந்தால் பதில் கையில் இருந்தது. பிரிட்டனின் பாத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்படிக் கேள்விகளைத் தெளிவாகத் திருத்திக் கேட்டுப் பார்த்து, 2021-ல் முடிவை வெளியிட்டார்கள். ஆட்டிசம் உள்ளவர்களின் பதில்கள் மேம்பட்டன. ஆட்டிசம் இல்லாதவர்களின் பதில்களும் மேம்பட்டன. ஆக, குழப்பமான கேள்வியால் நீங்கள் இழப்பது எங்களை மட்டும் அல்ல.

நான் இப்போது இருக்கும் வேலை எப்படிக் கிடைத்தது என்று சொல்கிறேன். அங்கே பேச்சு குறைவு. ஒரு கட்டு ஆவணங்களைக் கொடுத்து, தனி அறையில் உட்கார வைத்து, "இதில் பிழைகள் இருக்கின்றன, ஒரு மணி நேரத்தில் எத்தனை கண்டுபிடிக்க முடியுமோ கண்டுபிடியுங்கள்" என்றார்கள். பெயரின் முதலெழுத்து மாறியிருந்தது, கூட்டுத்தொகை இடித்தது, கையெழுத்துக்கு அடியில் இருந்த தேதி ஆவணத்தின் தேதிக்கு முந்தையதாக இருந்தது. தேர்வு வைத்தவர்களே தெரியாமல் விட்டிருந்த ஒரு பிழையையும் எழுதிக் கொடுத்தேன். மேலாளர் தன் விடைத்தாளை எடுத்துப் பார்த்தார், பேனாவால் அதில் ஒரு வரி சேர்த்தார். நான் அவர் கண்ணைப் பார்த்தேனா என்று எனக்கு நினைவில்லை, அவருக்கும் நினைவிருக்காது.

டெம்பிள் கிராண்டினைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கால்நடைகளைப் பதற்றமில்லாமல் நடத்திச் செல்லும் அமைப்புகளை வடிவமைத்துப் பேர் பெற்றவர், ஆட்டிசம் உள்ளவர். பேசி வேலை வாங்கியதைவிடத் தன் வரைபடங்களைக் காட்டி வேலை வாங்கியதே அதிகம் என்று பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். இன்னொருவர் டொனால்ட் டிரிப்லெட். 1943-ல் மனநல மருத்துவர் லியோ கானர் ஆட்டிசத்தை விவரித்து எழுதிய கட்டுரையில் வரும் பதினோரு குழந்தைகளில் முதல் குழந்தை. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்ற சின்ன ஊரில், ஒரு வங்கியில் பல பத்தாண்டுகள் வேலை பார்த்தார், கார் ஓட்டினார், கோல்ஃப் ஆடினார், நாடு நாடாகச் சுற்றினார், 2023-ல் 89 வயதில் இறந்தார். அந்த வங்கியில் அவர் குடும்பத்துக்குப் பங்கு இருந்தது, அதனால் கதவு திறந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் உள்ளே போன பிறகு ஊரும் வங்கியும் அவரை அவர் போக்கில் விட்டன. குடும்பத்துக்கு வங்கி இல்லாதவர்களுக்குக் கதவைத் திறக்கும் இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள்.

சரி, "நாங்கள்தான் தனித் திட்டமே வைத்திருக்கிறோமே" என்று சிலர் கேட்பீர்கள். தெரியும். ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையான தோர்கில் சோன 2004-ல் டென்மார்க்கில் தொடங்கிய, ஆட்டிசம் உள்ளவர்களை வேலைக்கு எடுக்கும் ஸ்பெஷலிஸ்டர்ன் நிறுவனம் ஒரு வழி காட்டியது. 2013-ல் ஜெர்மனியின் மென்பொருள் நிறுவனமான எஸ்.ஏ.பி.யும் 2015-ல் மைக்ரோசாஃப்டும் இதற்கெனத் திட்டங்களை ஆரம்பித்தன. நேர்காணலுக்குப் பதில் நாட்கணக்கில் வேலை செய்ய வைத்துப் பார்ப்பது இவர்கள் பரவலாக்கிய முறை. அதை மனமார வரவேற்கிறேன். சங்கடம் வேறு இடத்தில். இந்தத் திட்டங்கள் பெரும்பாலும் மென்பொருள் சோதனை, தரவு என்று கணினியைச் சுற்றியே நின்றுவிட்டன. அதைப் பார்த்து, ஆட்டிசம் என்றால் கணக்கில் புலி, கம்ப்யூட்டர் மூளை என்று ஒரு எண்ணம் பரவிவிட்டது. எங்களில் கணக்கு வராதவர்கள் ஏராளம். நூலகத்தில், சமையலறையில், செடி வளர்க்கும் இடத்தில், வகுப்பறையில் நன்றாக வேலை செய்யக்கூடியவர்கள் இருக்கிறார்கள். பேச்சே இல்லாமல் தட்டச்சில் மட்டும் பதில் சொல்பவர்கள், பக்கத்தில் ஒரு பயிற்றுநர் இருந்தால் வேலையைப் பிடித்துக்கொள்பவர்கள், அரை நாள்தான் தாங்கும் என்பவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். எங்களை 'அதிசயப் பிறவி' என்று தூக்கி வைப்பவர்களிடம் எனக்குக் கொஞ்சம் எரிச்சலே உண்டு. அதிசயம் செய்தால்தான் வேலை என்றால், சுமாராக வேலை பார்க்கும் உங்கள் மற்ற ஊழியர்கள் எந்தக் கணக்கில் இருக்கிறார்கள்?

"ஒரே வேலையைச் சலிக்காமல் செய்வார்கள்" என்ற பாராட்டும் அப்படித்தான். எனக்குச் சலிக்கும். அந்தப் பாராட்டைக் காரணம் காட்டிப் பதவி உயர்வுப் பட்டியலில் பெயரை விடுவதும் நடக்கிறது.

வேலையில் சேர்ந்த பிறகு நடப்பதைப் பற்றி. ஒரு பழைய மேலாளர், நல்ல மனிதர், மாலையில் மேசைப் பக்கம் வந்து "முடிஞ்சா இன்னைக்கு அதைப் பார்த்துடுங்க" என்பார். முடிந்தால் என்றால், முடியாவிட்டால் பரவாயில்லை என்று நான் எடுத்துக்கொள்வேன். 'அது' எது என்பதும் ஒரு கேள்வி. மறுநாள் காலையில் அவர் முகம் கறுத்திருக்கும். மற்றவர்களுக்கு அது உத்தரவு என்று தெரிந்திருக்கிறது. "இந்தக் கோப்பு, இன்று மாலை ஆறு மணிக்குள்" என்று ஒரு வரி மின்னஞ்சல் போதும். அவருக்குப் பத்து நொடி வேலை, எனக்கு ஓர் இரவுத் தூக்கம்.

இதில் குறை ஒரு பக்கம் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். டேமியன் மில்ட்டன் என்ற ஆய்வாளர், அவரும் ஆட்டிசம் உள்ளவர், 2012-லேயே இதை எழுதினார்: புரிந்துகொள்வதில் சிக்கல் இரு தரப்புக்கும் நடுவே இருக்கிறது, ஒரு தரப்பின் தலைக்குள் மட்டும் இல்லை. 2020-ல் வெளியான கேத்தரின் கிராம்ப்டனின் ஆய்வு அதைச் சோதித்துப் பார்த்தது. ஒருவர் காதிலிருந்து அடுத்தவர் காதுக்கு ஒரு கதையைக் கடத்தச் சொன்னார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசை, ஆட்டிசம் இல்லாதவர்களின் வரிசை அளவுக்கே விவரங்களைக் கடத்தியது. இரு தரப்பினரும் கலந்த வரிசையில்தான் நிறைய உதிர்ந்துபோனது.

அப்புறம் ஒலி, ஒளி, வாசனை. தலைக்கு மேல் ரீங்கரிக்கும் குழல்விளக்கு உங்கள் காதில் விழாமலேகூட இருக்கலாம். எனக்கு அது நாள் முழுவதும் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கும். சுவர் ஓரத்து இருக்கையும் ஒரு ஹெட்போனும் கிடைத்ததும் என் நாள் மாறியது. செலவைப் பற்றிய பயம் இருந்தால், மாற்றுத்திறனாளிகளுக்கான பணியிட வசதிகள் பற்றி ஆலோசனை தரும், அமெரிக்காவின் ஜாப் அக்காமடேஷன் நெட்வொர்க் என்ற அமைப்பு, நிறுவனங்களிடம் எடுத்துவரும் கணக்கெடுப்பைப் பாருங்கள். இப்படிச் செய்துகொடுக்கும் வசதிகளில் ஏறத்தாழப் பாதிக்குச் செலவே ஆகவில்லை என்று நிறுவனங்களே சொல்கின்றன. நியாயமான வசதியை மறுப்பதே பாகுபாடுதான் என்று மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான 2006-ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையும் சொல்கிறது.

நாங்கள் ஏன் முன்கூட்டியே சொல்வதில்லை என்று கேட்கிறீர்கள். விண்ணப்பத்தில் சொன்னால் அழைப்பு வராது என்ற பயம். சேர்ந்த பிறகு சொன்னால் "பார்த்தா அப்படித் தெரியலையே" என்று ஒரு சிரிப்பு. தெரியாமல் இருப்பதற்காக நாள் முழுவதும் முகத்தையும் கையையும் குரலையும் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்பது அந்தச் சிரிப்புக்குப் புரியாது. மாலையில் வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை பேச முடியாமல் இருட்டில் படுத்துக்கிடப்பது அதன் விலை. இப்படி ஆண்டுக்கணக்கில் நடித்து, உடைந்துபோய், நன்றாகச் செய்துகொண்டிருந்த வேலையை விட்டவர்களை எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கிறேன்: சொன்னவருக்கு மட்டும் என்று வைக்காமல் எல்லோருக்கும் இந்த வசதிகளைக் கொடுங்கள். யாரும் மருத்துவச் சான்றிதழை மேசையில் வைக்க வேண்டியதில்லை.

அடுத்து ஒரு காலியிடம் அறிவிக்கும்போது, வரும் எல்லோருக்கும் கேள்விகளை முந்தின நாளே அனுப்பிவிடுங்கள். எந்த அறை, எத்தனை பேர் இருப்பார்கள், எவ்வளவு நேரம் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். அந்த வேலையில் ஒரு துண்டைக் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். எடுத்த பிறகு, அவருக்கு எது உதவுகிறது என்று அவரோடு உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதி வையுங்கள், மேலாளர் மாறும்போது அந்தப் பக்கமும் புது மேலாளர் கைக்குப் போகட்டும். எனக்கு மூன்று மேலாளர்கள் மாறினார்கள். ஒவ்வொரு முறையும் ஹெட்போன் ஏன் என்பதிலிருந்து திரும்ப ஆரம்பித்தேன்.

இதைப் பற்றிப் பேச விரும்பினால் எழுதுங்கள், பதில் எழுதுகிறேன். தயவுசெய்து திடீரென்று போன் மட்டும் செய்யாதீர்கள்.

அன்புடன்,
ஆவணச் சரிபார்ப்புப் பிரிவில் சுவர் ஓரத்து இருக்கைக்காரன்