கேட்டு எழுதிய காது

கொக்குவில்,
யாழ்ப்பாணம்.

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நாங்கள் இங்கு நலம். ஞாயிறன்று தொலைபேசியில் நீர் சொன்னதை இரண்டு நாட்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆங்கில மின்னஞ்சலில் எதையும் தடையின்றி விளங்கிக்கொள்ளும் உமக்கு, ரொறன்ரோவிலிருந்து அந்தக் கொள்வனவாளர் ஆங்கிலத்தில் பேசத் தொடங்கியதும் பாதிக்கு மேல் பிடிபடுவதில்லை என்றும், கூட்டம் முடிந்தபின் மற்றவர்களுடைய குறிப்பைப் பார்த்தே சமாளிப்பதாகவும் சொன்னீர். சொல்வளம் போதாது என்பது உமது எண்ணம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதே சொற்கள் எழுத்தில் வந்தால் உமக்கு விளங்குகின்றனவே.

நான் சுருக்கெழுத்தாளனாக இருந்து காதால் பிழைத்தவன் என்பது உமக்குத் தெரியும். 1837இல் ஐசாக் பிட்மன் வெளியிட்ட அந்தச் சுருக்கெழுத்து முறையில் எழுத்துக்கூட்டலுக்கு இடமில்லை, காதில் விழுந்த ஒலியையே கோடாக இழுக்கவேண்டும். 'பேப்பர்' என்பதன் முதல் ஒலிக்கு மெல்லிய கோடு. 'பாங்க்' என்பதன் முதல் ஒலிக்கு அதே கோடு தடித்து வரும். தமிழில் இரண்டுக்கும் ஒரே பகரம் என்பதால், தொடக்கத்தில் என் பென்சில் இரண்டையும் ஒரே தடிப்பில் இழுத்தது. கைக்குப் பழகிய பிறகுதான் காதுக்கும் வேறுபாடு தெரிந்தது. 'அஸ் சூன் அஸ் பொசிபிள்' போன்ற தொடர்களைப் பென்சிலைத் தூக்காமல் ஒரே வரைவாக எழுதவும் பழகினோம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுவோரும் அப்படித்தான், கருத்தைத் தாங்கும் சொல்லை அழுத்திச் சொல்லி, இடையில் வரும் சிறு சொற்களை விழுங்கிவிடுகிறார்கள். ஒவ்வோர் அசைக்கும் உரிய இடம் கொடுத்துப் பேசும் நாம், அதே அளவை அவர்களிடம் எதிர்பார்த்துக் காத்திருக்கும்போது அடுத்த வாக்கியம் போய்விடுகிறது. உமது கொள்வனவாளர் 'முடியும்' என்று சொல்லும்போது 'கேன்' என்பது வெறும் 'க்ன்' ஆகச் சுருங்கும். 'முடியாது' எனும்போது 'கேன்ற்' அழுத்தமாக வரும், ஆனால் அதன் கடைசி ஒலி பெரும்பாலும் கேட்காது. ஆகவே கடைசி எழுத்தைத் தேடாமல் அழுத்தத்தைக் கவனியும்.

இலக்கங்களில் மட்டும் காதை நம்பவேண்டாம். வேலைக்குச் சேர்ந்த புதிதில், மேலாளர் பதினைந்து பெட்டி என்று சொன்னதை ஐம்பது என்று எழுதி, கடிதம் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்த பின்னரே அகப்பட்டுக்கொண்டேன். 'ஃபிஃப்ரீன்' தனியே வரும்போது அழுத்தம் பின்னசையில் விழும் என்பது உண்மைதான், ஆனால் அதை அடுத்துப் 'பெட்டி' போன்ற பெயர்ச்சொல் வந்துவிட்டால் அழுத்தம் பெரும்பாலும் முன்னுக்கு நகர்ந்து 'ஃபிஃப்ரி' போலவே ஒலிக்கும். அன்றிலிருந்து எந்த எண்ணையும் 'ஒன்று, ஐந்து' என்று இலக்கம் இலக்கமாகத் திருப்பிச் சொல்லி உறுதிசெய்தே எழுதினேன். நீரும் விலை, அளவு, திகதி மூன்றையும் அப்படியே உறுதிசெய்யும்.

இன்னொன்று. எங்கள் ஊரில் தொலைபேசியில் 'ஓம், ஓம்' என்பது 'கேட்டுக்கொண்டிருக்கிறேன், சொல்லும்' என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. (உமது அம்மா அரை மணி நேரம் ஓம் போட்டுவிட்டு, இறுதியில் 'இல்லை' என்பதை நீரே பார்த்திருக்கிறீர்.) அதே பழக்கத்தில் நீர் 'யெஸ், யெஸ்' என்றால் அவர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக்கூடும். விளங்காத இடத்தில் பொதுவாக 'விளங்கவில்லை' என்னாமல், விளங்கிய பாதியை உமது சொற்களில் சொல்லி, விடுபட்டதை மட்டும் கேளும். அது அறியாமையாகத் தெரியாது, பொறுப்பாகவே தெரியும்.

பயிற்சிக்கு, மணிக்கணக்கில் படம் பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கண் கதையைப் பிடித்துக்கொண்டு காதைத் தூங்கவிட்டுவிடும். பிபிசியின் ஆறு நிமிட ஆங்கில நிகழ்ச்சிக்கு எழுத்துவடிவமும் கிடைக்கிறது. அதில் ஒரு நிமிடத்தை மட்டும் எடுத்து, எழுத்தைப் பார்க்காமல் மூன்று தடவை கேட்டு, கேட்டதை எழுதி, பின்பு ஒப்பிட்டு, தவறிய இடங்களைச் சிவப்பால் குறித்து, அந்தச் சிவப்பு இடங்களை மட்டும் மறுபடி கேளும். பிபிசியில் கேட்பது பெரும்பாலும் பிரித்தானிய உச்சரிப்பு என்பதால், அது கைவந்ததும் கனேடியர் பேச்சையும் இதே முறையில் கேளும்.

வரும் ஞாயிறு அழைக்கும்போது பென்சிலும் தாளும் அருகில் இருக்கட்டும். இருபது இலக்கங்களை நான் ஆங்கிலத்தில் வேகமாக வாசிப்பேன். நீர் எழுதித் திருப்பிச் சொல்லும். அம்மா மோர்மிளகாய் வறுக்கும் சத்தமும் பின்னால் கேட்கும், அதை நிறுத்தச் சொல்லமாட்டேன்.

அன்புடன்,
அப்பா