இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு என்னை நடக்க வைத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

கோத்தகிரி பக்கத்து எங்கள் ஊர்க்காரர்களுக்கும், கோவையில் அரசு ஆஸ்பத்திரி வார்டில் என்னைப் பார்த்துக்கொண்டவர்களுக்கும் சத்துணவு டீச்சரின் வணக்கம். பெயர் போட வேண்டாம் என்று உங்களில் பலர் சொல்லிவிட்டீர்கள், அதனால் யார் பெயரையும் போடவில்லை. படிக்கும்போது அவரவருக்குத் தெரிந்துவிடும்.

போன புரட்டாசியில் எனக்கு வலது இடுப்பு மூட்டை மாற்றி அறுவை சிகிச்சை நடந்தது. இப்போது தை பிறந்துவிட்டது, கம்பு இல்லாமல் கடைத்தெருவுக்குப் போய் வருகிறேன். பார்க்கிற இடத்தில் எல்லாம் நன்றி சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனாலும் யார் யார் என்ன செய்தீர்கள் என்று ஒருமுறை முழுசாக எழுதிவிட வேண்டும் என்று மனசு கேட்டுக்கொண்டே இருந்தது.

முதலில் கோத்தகிரியில் என்னைப் பார்த்த டாக்டரம்மாவுக்கு. அதற்கு முன்பு பல வருஷமாக நான் வைத்தியம் பார்த்தது முழங்காலுக்கு. தைலம், முட்டிக்குப் போடுகிற பட்டை, முட்டிக்குள் ஊசி, எதற்கும் வலி அசையவில்லை. இந்த டாக்டரம்மா என் காலைத் தொடுவதற்கு முன்னால் கேட்ட கேள்வியே வேறு: "கால் நகம் நீங்களே வெட்டிக்கிறீங்களாம்மா? சம்மணம் போட முடியுதா?" இரண்டும் நின்று ரொம்ப நாளாகிவிட்டது. அப்புறம் படுக்க வைத்து, முழங்காலை மடக்கிப் பாதத்தை வெளிப்பக்கமாகத் திருப்பினார், தொடை இடுக்கில் உயிர் போனது. கோளாறு இடுப்பில், வலி மட்டும் முட்டி வரைக்கும் இறங்குகிறது என்று சொல்லி இடுப்புக்கு எக்ஸ்ரே எழுதிக் கொடுத்தார். படத்தில் தொடை எலும்பின் தலையில் இருக்கிற பந்துக்கும், அது உட்கார்ந்து சுழலுகிற இடுப்புக் கிண்ணத்துக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி அறவே இல்லை, எலும்பு எலும்போடு உரசிக்கொண்டிருந்தது. இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது தொடை இடுக்கில் வலி ஆரம்பித்து முட்டிக்கு ஓடுகிறது, சாக்ஸ் போடக் குனிய முடியவில்லை, கீழே உட்கார்ந்தால் எழ முடியவில்லை என்று இருந்தால் தயவுசெய்து இடுப்பையும் ஒரு படம் எடுத்துப் பாருங்கள்.

செலவு முழுக்க முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் நடந்தது. ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரைக்கும் உண்டு. வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் என்று அலைய வேண்டியதை எல்லாம் என்னோடு வேலை பார்த்த சமையலரின் மகளே அலைந்து முடித்தாள். என்னை ஒருநாள் மட்டும் ஊட்டிக்குக் கூட்டிப்போனாள், போட்டோ எடுக்க. அவ்வளவுதான் என் பங்கு. நல்லா இருடி கண்ணு.

ஆபரேஷன் உடனே நடந்துவிடாது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. சர்க்கரையின் மூன்று மாத சராசரி கூடுதலாக இருக்கிறது, முதலில் குறைத்துக்கொண்டு வாருங்கள் என்றார்கள். கடைவாயில் ஒரு சொத்தைப் பல், அதையும் பிடுங்கிவிட்டுத்தான் வர வேண்டும் என்றார்கள். வாயில் இருக்கிற கிருமி ரத்தத்தோடு போய்ப் புது மூட்டில் உட்கார்ந்துவிட்டால் எல்லாவற்றையும் திரும்பத் திறக்க வேண்டியிருக்குமாம். அந்த மாதங்களில் என் நாத்தனார் எங்கள் வீட்டு அடுப்படியையே எடுத்துக்கொண்டார். களியும் கீரையும் மேரக்காய்க் கூட்டும்தான், டீயில் சர்க்கரை கிடையாது, யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் என் இலையில் பாயசம் விழாமல் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வார். அண்ணி, கோவையில் ரத்தம் பார்த்துவிட்டு "இப்போ ஓகேம்மா, பண்ணலாம்" என்று டாக்டர் சொன்னது உங்கள் கைக்குத்தான்.

இப்போது ஃபேக்டரி ஃபிட்டர் தம்பி. உன்னைப் பற்றி நான் கொஞ்சம் நீளமாகச் சொல்லித்தான் ஆக வேண்டும். பின்பக்கமாகத் திறந்து செய்கிற ஆபரேஷனில், முதல் சில வாரங்களுக்கு இடுப்பு 90 டிகிரிக்கு மேல் மடங்கக் கூடாது, கால் மேல் கால் போடக் கூடாது, பாதம் உள்பக்கமாகத் திரும்பக் கூடாது. மீறினால் பந்து கிண்ணத்தை விட்டுக் கழன்றுவிடலாம். இதைச் சொன்ன அன்று சாயங்காலமே நீ ஒரு நூல்கயிறோடு வந்தாய். என்னை ஸ்டூலில் உட்கார வைத்து, தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரைக்கும் கயிறு பிடித்து ஒரு முடிச்சு போட்டாய். அந்த முடிச்சுக்கு இரண்டு அங்குலம் மேலேதான் இனி அத்தை உட்காருகிற எல்லாம் இருக்க வேண்டும் என்று, கட்டில் காலுக்கு அடியில் கல் வைத்து, நாற்காலிக்குக் கட்டை அடித்து, எங்கள் பழைய கக்கூஸை மாற்றி உயரமான கமோடு வைத்து, பக்கத்துச் சுவரில் ஜிஐ பைப்பை வளைத்துப் பிடிமானம் போட்டு, அதில் உன் முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பார்த்துவிட்டுத்தான் போனாய். நான் அந்தப் பைப்பைப் பிடிக்காத நாளே இல்லை. சாமான் காசைத் தவிர ஒரு பைசா கூலி வாங்கவில்லை.

எங்கள் வீடு ரோட்டுக்குக் கீழே, பள்ளத்தில். மலையில் பாதிப் பேர் வீடு அப்படித்தான். இறங்குகிற படியெல்லாம் கருங்கல், மழைக்காலத்தில் பாசி பிடித்து வழுக்கும். நான் கோவையில் படுத்திருந்தபோது சங்கத்துப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து பிளீச்சிங் பவுடர் போட்டு, கம்பி பிரஷ்ஷால் ஒவ்வொரு படியாகத் தேய்த்திருக்கிறீர்கள். ஐப்பசி மழை எங்கள் கோத்தகிரிப் பக்கம் எப்படிக் கொட்டும் என்று எல்லோருக்கும் தெரியும். மழைக்கு முன்னால் அந்த வேலை நடந்திராவிட்டால் நான் அந்த மாதம் முழுக்க வீட்டுக்குள்ளேயே கிடந்திருப்பேன்.

ரத்தம் கொடுக்க முதல் பஸ்ஸில் இறங்கி வந்த பிள்ளைகளே, நீங்கள் மூன்றாம் வகுப்பில் எனக்கு முன்னால் தட்டோடு வரிசையில் நின்றது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. முட்டை வேண்டாம் என்று ஒளித்து வைத்தவனும் வந்திருந்தான். நல்லா இருக்கணும்டா.

வார்டில் இருந்த சின்ன டாக்டர், படித்துக்கொண்டிருக்கிற பிள்ளை, ஆபரேஷனுக்கு முதல் நாள் ராத்திரி நான் தூங்காமல் கிடப்பதைப் பார்த்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விளக்கினார். தேய்ந்த பந்தை எடுத்துவிட்டு, தொடை எலும்புக்குள் ஒரு உலோகத் தண்டை இறக்கி, அதன் தலையில் புதுப் பந்து வைத்து, இடுப்பில் புதுக் கிண்ணம் பொருத்துவார்கள். உலோகப் பந்து வழவழப்பான பிளாஸ்டிக் கிண்ணத்தில் சுழலுகிற இந்த முறையை இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்ற டாக்டர் 1962இல் நிலைப்படுத்தினாராம். நான் பிறந்த வருஷமும் அதுதான் என்று சொன்னேன். "அப்போ உங்க வயசு அனுபவம் இருக்கும்மா இந்த ஆபரேஷனுக்கு, பயப்படாதீங்க" என்றார். அதற்கப்புறம் தூங்கிவிட்டேன். டாக்டர் தம்பி, நீங்கள் பெரிய சர்ஜனான பிறகும் ராத்திரி அப்படி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள்.

முதுகில் ஊசி போட்டுத்தான் செய்தார்கள், வலி தெரியவில்லை. மறுநாளே வாக்கர் கொடுத்து நிற்க வைத்தார்கள். நிற்கும்போது முழு உடம்பும் நடுங்கியது, ஆனால் அந்தப் பழைய உரசல் வலி இல்லை. தையல் போட்ட இடம் வலித்தது, அது வேறு வலி. அங்கே பிசியோதெரபி சொல்லிக் கொடுத்த பெண் என் வீட்டுப் படியைப் பற்றிக் கேட்டுவிட்டு, வார்டு படிக்கட்டிலேயே பழக்கினாள். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் ஆன கால் முதலில். கூட வருகிறவர் இறங்கும்போது எனக்கு முன்னால், ஒரு படி கீழே நிற்க வேண்டும். "மனப்பாடமா சொல்லுங்க டீச்சர்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்ல வைப்பாள்.

வீட்டுக்குக் கூட்டிவந்த டாக்ஸி அண்ணன், முன்சீட்டைப் பின்னுக்குத் தள்ளிச் சாய்த்து, தலையணை வைத்து, அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் கவரை விரித்து வைத்திருந்தார். உட்கார்ந்துவிட்டு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்பும்போது உடம்பு வழுக்கிக்கொண்டு திரும்பிவிடுகிறது, இடுப்பு முறுக்கவில்லை. வார்டு நர்ஸ் போனில் சொன்னதை அப்படியே கேட்டுச் செய்திருக்கிறார். மேட்டுப்பாளையத்துக்கு மேலே வளைவுகளில் எவ்வளவு மெதுவாக ஓட்டினார் என்றால், பின்னால் வந்த பஸ்ஸெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டே தாண்டிப் போயின, அவர் அசையவில்லை. நடுவில் நிறுத்தி நிறுத்தி என்னை இறக்கி நடக்க வைத்தார். ஊர் வந்ததும் நாற்காலியோடு என்னைத் தூக்கிக்கொண்டு இறங்க நான்கு பேர் தயாராக நின்றீர்கள். வேண்டாம், நானே இறங்குகிறேன் என்றதும் முகம் வாடாமல், ஒருவர் கீழ்ப்படியில், ஒருவர் பக்கத்தில் என்று மாறி மாறி நின்று கடைசிப் படி வரைக்கும் வந்தீர்கள்.

மேல்வீட்டு அக்கா, உங்களுக்கு எந்த வார்த்தை போடுவது? என் மகளுக்குத் திருப்பூரில் லீவு முடிந்தபிறகு ராத்திரி எல்லாம் எனக்குத் துணை நீங்கள்தான். முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்துத்தான் நான் படுக்க வேண்டும், அது நழுவினால் எனக்கு முன்னால் உங்களுக்கு முழிப்பு வந்துவிடும். ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் போடுகிற ஊசிக்கு நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு தோட்டத்துக் கதை சொல்வீர்கள். அந்த ஐப்பசியில் கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கிச் சூடாக இருந்ததை முதலில் பார்த்ததும் நீங்கள்தான், கிராம நர்ஸுக்கு உடனே போன் செய்ததும் நீங்கள்தான். காலில் ரத்தக்கட்டு வந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று வைக்கக் கூடாது என்று நர்ஸம்மா சொன்னார். கொட்டுகிற மழையில் ஊட்டிக்குக் கிளம்பினோம். வழியில் ஒரு கற்பூர மரம் ரோட்டின் குறுக்கே விழுந்து கிடந்தது. யார் என்றே தெரியாதவர்கள் வண்டியிலிருந்து இறங்கி, நனைந்துகொண்டே கிளைகளை வெட்டி எங்கள் வண்டிக்கு வழி விட்டார்கள். ஸ்கேனில் கட்டு எதுவும் இல்லை, சாதாரண வீக்கம்தான் என்று வந்தது. அந்த மழையில் அரிவாளோடு நின்ற உங்களில் யாராவது இதைப் படித்தால், அந்த வண்டியில் இருந்தது நான்தான், நல்லபடியாக வீடு திரும்பினேன்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் ஆரம்பித்தபோது எங்கள் ஊரில் பலரும் பிரஷர், சர்க்கரை மாத்திரைக்கான திட்டம் என்றுதான் எடுத்துக்கொண்டோம். வீட்டுக்கே வந்து பிசியோதெரபியும் கொடுப்பார்கள், கேளுங்கள். எனக்கு வந்த தம்பி, குதிகாலை இழுத்து முட்டியை மடக்குவது, தொடையை இறுக்கிப் பிடிப்பது, காலைப் பக்கவாட்டில் விரிப்பது என்று ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே போனார். வலிக்கிறது என்றால் நிறுத்துவார், சோம்பல் என்றால் நிறுத்த மாட்டார்.

வெளியே நடக்க ஆரம்பித்தபோது வேறொரு பயம் இருந்தது. விடியற்காலையில் தேயிலைக்குள் காட்டெருமை நிற்கும், சில நாள் கரடியும் வரும். வாக்கரோடு இருக்கிறவள் எங்கே ஓடுவது? அதற்காகவே டியூஷன் போகிற பிள்ளைகள் இரண்டு பேர் டார்ச் அடித்துக்கொண்டு எனக்கு முன்னால் வளைவு வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு, "வாங்க டீச்சர்" என்று குரல் கொடுப்பார்கள். பரீட்சைக்கு நன்றாகப் படியுங்கள் செல்லங்களா.

வாக்கரும், உயரமான கமோடு நாற்காலியும், ஃபிட்டர் தம்பி கட்டை அடித்த நாற்காலியும் கழுவித் துடைத்து எங்கள் வீட்டு முன்னறையில் வைத்திருக்கிறேன். கோத்தகிரி, குன்னூர் பக்கத்தில் யாருக்கு இந்த ஆபரேஷன் நடந்தாலும் வந்து எடுத்துக்கொண்டு போகலாம், வாடகை எதுவும் வேண்டாம், வேலை முடிந்ததும் திருப்பிக் கொண்டுவந்தால் போதும். வீட்டில் எதை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்று அளக்கத் தெரியவில்லை என்றால் சொல்லி அனுப்புங்கள், கயிறோடு நானே வருகிறேன்.

அன்புடன்,
சத்துணவு டீச்சர்