வாசலோடு அனுப்பிவிடச் சொல்வதா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இதழில், "எல்லாம் ஆதாரில் இருக்கும்போது வீடு வீடாக எதற்குக் கணக்கெடுப்பு? வருகிறவரிடம் எத்தனை பேர் என்று மட்டும் சொல்லி வாசலோடு அனுப்பிவிடலாம்" என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருந்தார். அந்த வரியைக் கட்டம் கட்டி வேறு போட்டிருந்தீர்கள். நெடுநாள் வாசகனுக்கு வருத்தமாக இருந்தது.

2001-லும் 2011-லும் பள்ளி வேலையோடு மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் போன ஆசிரியன் நான். ஒரு வீட்டில் நாலு பேர் என்றார்கள். உள்ளே தூளி ஆடிக்கொண்டிருந்தது. "அது கைக்குழந்தைதானே சார், அதையுமா எழுதணும்?" என்றார் பாட்டி. திண்ணையில் உட்கார்ந்து பேசியதால்தான் அந்தக் குழந்தை கணக்கில் வந்தது. 2011 பிப்ரவரி 28 இரவு, வீடில்லாதவர்களை எண்ணுவதற்காக டார்ச் லைட்டோடு பேருந்து நிலையத்தைச் சுற்றினோம். தூக்கத்திலிருந்து எழுந்த பெரியவர் எங்களைப் போலீஸ் என்று நினைத்து மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவரை உட்காரவைத்து, பேசிப் புரியவைத்து எழுதினோம். கட்டுரையாளர் சொல்லும் வழியில் அவர் எந்த வாசலில் நிற்பார்?

ஆதார் ஆளை அடையாளம் காட்டும், அவ்வளவுதான். அவர் வீட்டுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிப்பறை உண்டா என்பதை அது சொல்லாது. 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டம் கிராமத்தில் 75, நகரத்தில் 50 சதவீதம் பேர் வரை மானிய தானியம் தருகிறது. அந்தச் சதவீதத்தை 2011 மக்கள்தொகையை வைத்தே போட்டுவருகிறார்கள். அப்புறம் கூடிய ஜனம் அந்தக் கணக்கில் இல்லை. உள்ளாட்சியில் பழங்குடியினருக்கான இடங்களும் மக்கள்தொகை விகிதப்படிதான். நரிக்குறவர்கள் பழங்குடிப் பட்டியலில் சேர்ந்ததே 2011-க்குப் பிறகு. பழங்குடியினராக அவர்கள் எண்ணப்படப்போவது இப்போதுதான். அவர்களுக்குமா இந்த யோசனை?

2021-ல் முடிந்திருக்க வேண்டிய வேலை கொரோனாவில் நின்றது. கொரோனா போன பிறகும் வருடக்கணக்கில் இழுத்தார்கள். அப்போது நீங்கள் ஒரு தலையங்கம்கூட எழுதவில்லை. நான் அனுப்பிய கடிதத்தையும் போடவில்லை. சரி, இடம் இல்லாமல் இருந்திருக்கலாம். உண்மையைச் சொன்னால் வரி போடுவார்கள் என்று ஜனங்கள் பயந்தபோதும் யாரும் விளக்கவில்லை. நாம் சொல்லும் விவரத்தைச் சொத்து வழக்கிலோ வரி வழக்கிலோ சாட்சியமாக எடுக்கக் கூடாது என்று 1948 மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டமே சொல்கிறது. இது உங்களுக்குத் தெரியாததல்ல.

2027 மார்ச் 1-ஐ வைத்து மக்களை எண்ணப்போகிறார்கள். அதற்கு முன், என்னென்ன கேட்பார்கள், சொல்வது எப்படி ரகசியமாக இருக்கும் என்று கால் பக்கமாவது போடுங்கள். அதே ஞாயிறு இதழில், அதே பக்கத்தில் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்