இடது கண்ணில்தான் கட்டு: ஒரு நன்றி மடல்

அனைவருக்கும் வணக்கம்.

பிப்ரவரி 22, சனிக்கிழமை சாயங்காலம் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் அமெரிக்கப் போர்ச் செய்தியாளர் மேரி கொல்வினுக்கு நாங்கள் வைத்த நினைவுக் கூட்டத்துக்கு வந்தவர்களுக்கும், வராமலே கைகொடுத்தவர்களுக்கும் இந்த மடல். அன்றைக்கே மேடையில் சொல்லியிருக்க வேண்டியது. மழையும் கரண்டும் விடவில்லை.

முதல் நன்றி ஆறாம் ஆண்டு படிக்கும் அந்தப் பிள்ளைக்கு. பேனர் வந்து இறங்கியதும் பெரியவர்கள் நாங்கள் எழுத்துப் பிழை தேடிக்கொண்டிருந்தோம். அவள் படத்தையே பார்த்துக்கொண்டு நின்று, "ஐயா, இவங்களுக்கு இடது கண்ணுதானே போச்சு? இதுல வலது கண்ணுல கட்டியிருக்கு" என்றாள். படம் இடவலமாகத் திரும்பியிருந்தது. அச்சுக் கடைக்காரரைச் சொல்லிக் குற்றமில்லை, படத்தை அனுப்பியவனே நான்தான். அவர் ராத்திரி பத்து மணிக்குக் கடையைத் திறந்து மறுபடி அடித்துக் கொடுத்தார். காசு எவ்வளவு என்றதற்கு, "கண்ணு விஷயம், விடுங்க" என்றார்.

கூட்டம் போடலாம் என்ற பேச்சு எழுந்தபோது, "ஒரு வெள்ளைக்காரிக்கு நாம ஏன்?" என்று எங்கள் குழுவிலேயே ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். அந்தக் கண் எங்கே போனது என்பதுதான் அதற்குப் பதில். லண்டன் சண்டே டைம்ஸ் பத்திரிகைக்காக 2001 ஏப்ரலில் மேரி, இலங்கையில் நம் தமிழர்கள் வாழும் வன்னிக்குள் போனார். பல வருடங்களாகச் செய்தியாளர்கள் நுழையத் தடை இருந்த பகுதி. மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் அங்கே சனங்கள் படும் பாட்டைப் பார்த்துவிட்டு, ராத்திரியில் எல்லை தாண்டித் திரும்பும்போது ராணுவத்தின் தாக்குதலில் சிக்கினார். பத்திரிகையாளர் என்று கத்திய பிறகும் குண்டு வந்து விழுந்தது. இடது கண் பார்வை போயிற்று. அந்த நிலையிலும் 3,000 சொல் கட்டுரையை நேரத்துக்கு அனுப்பிவிட்டார். கேள்வி கேட்ட நண்பர்தான் அன்றைக்கு நாற்காலி முழுவதையும் அடுக்கினார். அவருக்கும் நன்றி.

அடுத்து, மேரியின் கட்டுரையை மொழிபெயர்த்து வாசித்த ஓய்வுபெற்ற ஆசிரியை அம்மாவைச் சொல்லிவிடுகிறேன். 1999இல் கிழக்குத் தீமோரில், டிலி நகர ஐ.நா. வளாகத்தில் சிக்கிய 1,500 பேரை விட்டு வரமாட்டேன் என்று மேரி தங்கிவிட்டதை அவர் இரண்டே வரியில் முடித்தார். வீரக் கதை சொல்ல அவருக்குப் பிடிக்காது. கறுப்புக் கண்கட்டைப் பேனரில் போடுவது சுலபம், போர்க்களத்தில் பார்த்தது மனத்தைப் பாதித்து அதற்காக மேரி சிகிச்சைக்குப் போனதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்று முன்கூட்டியே என்னிடம் கறாராகச் சொல்லியிருந்தார்.

ஆசிரியை வாசித்தது, சிரியப் போரின்போது ஹோம்ஸ் நகரிலிருந்து மேரி கடைசியாக எழுதியது. பாபா அம்ர் பகுதியில் ஒரு மரத் தொழிற்சாலையின் நிலவறை. குண்டுக்குப் பயந்து பெண்களும் பிள்ளைகளுமாகச் சுமார் 300 பேர் அதற்குள். விதவைகளின் நிலவறை என்று அதற்குப் பெயர். இந்த இடத்துக்கு வரும்போதுதான் கரண்டு போனது. யாரோ கைபேசி வெளிச்சத்தைத் தாளுக்கு நேராகப் பிடித்தார்கள். ஆசிரியை நிறுத்தவில்லை. தகரக் கூரையில் மழை, அதற்கு மேல் அவர் குரல். அந்தக் கட்டுரை வெளியான மூன்றாம் நாள், 2012 பிப்ரவரி 22 அன்று, செய்தியாளர்கள் தங்கியிருந்த வீட்டின் மீது குண்டு விழுந்து மேரியும் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ரெமி ஒக்லிக்கும் இறந்தார்கள். அதற்கு சிரிய அரசே பொறுப்பு என்று 2019இல் ஓர் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

ஜெனரேட்டர் கொண்டுவந்தவர் பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) அப்பம் பாலிக் பலகாரம் விற்கும் அபாங் (மலாய்க்கார அண்ணன்). மழையில் வியாபாரம் இல்லை என்றார், ஆனாலும் சனிக்கிழமை ராத்திரிக் கடையைச் சுருட்டிக்கொண்டு வந்தது பெரிய மனசு. பேனரைப் பார்த்து இவர் யார், எங்கே இறந்தார் என்று மலாயில் விசாரித்தார். சிரியா என்றோம். ஒரு வார்த்தை தமிழ் தெரியாதவர் கடைசி வரைக்கும் உட்கார்ந்திருந்தார்.

அப்புறம் பாட்டி. எண்பத்தாறு வயது, பேச்சாளர் பட்டியலில் இல்லாதவர். பேரன் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "எங்கப்பாவையும் அப்படித்தான் கொண்டுபோனாங்க" என்றார். ஜப்பான்காரன் காலம், பாட்டிக்கு நாலு வயது. மூன்று மாத வேலை என்று சொல்லித் தோட்டத்து லயத்திலிருந்து லாரியில் ஏற்றி, சியாமுக்கு (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை போட அனுப்பினார்கள். 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. அப்பா வரவில்லை. செத்தாரா, எந்த முகாமில், எந்த நோயில் என்று ஒரு கடுதாசி கிடையாது. ஒரு படம்கூடக் கிடையாது. அம்மா மட்டும் ரொம்ப வருடம் பொட்டை அழிக்காமல், காலையில் பிரட்டுக்கு (தோட்டத்து ஆள் கணக்கெடுப்புக்கு) போகும்போது ரோட்டைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பாராம். "இந்த மாதிரி ஒரு பொம்பள அங்க போய் எழுதியிருந்தா, எங்கம்மாவுக்கு ஒரு திதியாவது தெரிஞ்சிருக்குமே" என்று சொல்லிவிட்டுப் பாட்டி உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு பேச வேண்டிய இருவர் பேசவில்லை. அவர்கள் பெருந்தன்மைக்கும் நன்றி.

மீஹூனும் கடலை வடையும் செய்து அனுப்பிய வீடுகளுக்கு நன்றி. மண்டபத்துக்கு வாடகை வாங்காத கோயில் நிர்வாகத்துக்கும் நன்றி. மீந்த பணம் 140 ரிங்கிட், பாதி ஜெனரேட்டர் பெட்ரோலுக்குப் போயிற்று. அபாங் வாங்க மறுத்தார், திணித்துவிட்டு வந்தோம்.

மீதியில் ஒரு கெட்டி அட்டை நோட்டு வாங்கியிருக்கிறோம். பாட்டி சொல்லச் சொல்ல, அவர் அப்பா பெயரையும் தோட்டத்தின் பெயரையும் அந்த ஆறாம் ஆண்டுப் பிள்ளைதான் எழுதினாள். உங்கள் வீட்டில் சியாமுக்குப் போனவர் யாராவது இருந்தால் வந்து சொல்லுங்கள். நோட்டு பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள ஒட்டுக்கடையில் இருக்கிறது. இதுவரை ஏழு பேர். அதில் மூன்று பேருக்குப் பெயர் கிடைக்கவில்லை, 'இன்னாருடைய தாத்தா' என்றுதான் எழுதியிருக்கிறது.

அன்றைக்கு யாரோ விட்டுப்போன நீலக் குடையும் அங்கேதான் இருக்கிறது.